ஐந்து நட்சத்திரமும் அம்பேத்கர் படமும்

"ஹாலில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படத்தைக் கழற்றிவிட்டால் ரேட்டிங் ஏறுமா, தோழர்?"

ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர். "கழற்றக் கூடாது" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். எழுதுவது சுலபம். ஆனால் அந்த வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுவது நாம் இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம்.

தோழரின் அக்கா வீடு ஆர்.கே.பேட்டையில் இருக்கிறது. விசைத்தறி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர். தறிக்கென்று எழுப்பிய மாடியில் தறி வரவில்லை. கடன்தான் நின்றது. ஒரு பக்கம் திருத்தணி, இன்னொரு பக்கம் சோளிங்கர். 2024-இல் சோளிங்கர் மலைக்கு ரோப்கார் வந்தபிறகு, படியேற முடியாத பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். மாடியில் இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, கட்டில் போட்டு, ஒரு செயலியில் பதிவு செய்தார்கள். இதுவரை 14 குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. 11 பேர் ஐந்து நட்சத்திரம், 2 பேர் நான்கு. ஒருவர் மட்டும் இரண்டு.

அந்த இரண்டு நட்சத்திரக்காரர் அறையைக் குறை சொல்லவில்லை. குளியலறையையும் குறை சொல்லவில்லை. "சூழல் எங்களுக்குச் சரிப்படவில்லை" என்று எழுதியிருக்கிறார். கிளம்பும்போது ஹாலில் படத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டாராம்.

எந்தச் செயலி என்பது இங்கே தேவையில்லை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஏணிதான். மேல்படியில் நிற்பவருக்கு ஒரு பட்டம் உண்டு. உலகத்தில் அதிகம் அறியப்பட்ட ஏர்பிஎன்பியில் அதன் பெயர் சூப்பர் ஹோஸ்ட். அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் மற்றவற்றின் போக்கும் புரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில், கடந்த ஓராண்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். குறைந்தது 10 முறை விருந்தினர் தங்கியிருக்க வேண்டும், அல்லது 3 புக்கிங்கில் மொத்தம் 100 இரவுகள் ஆகியிருக்க வேண்டும். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் விகிதம் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வீட்டுக்காரர் ரத்து செய்தது 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சராசரி மதிப்பெண் 4.8 அல்லது அதற்கு மேல். இதெல்லாம் தேறினால் பெயருக்குப் பக்கத்தில் பேட்ஜ், தேடும்போது 'சூப்பர் ஹோஸ்ட் மட்டும்' என்று வடிகட்டுகிறவர்களின் கண்ணில் படும் வாய்ப்பு, புகார் சொன்னால் கொஞ்சம் சீக்கிரம் கவனிப்பு. ஓராண்டு விடாமல் வைத்திருந்தால் 100 டாலர் மதிப்பில் ஒரு பயணக் கூப்பன்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நன்றாக உபசரிப்பவரை நன்றாக உபசரிப்பவர் என்று சொன்னால் என்ன தவறு? அதில் தவறில்லை. கணக்கைத்தான் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும்.

அக்காவின் சராசரி இப்போது 4.64. அந்த ஒரு ஆளைக் கழித்துவிட்டால் 4.8-ஐத் தாண்டியிருக்கும். அவரைக் கழிக்க முடியாது. இனி வரிசையாக 11 பேர் ஒரு குறையுமில்லாமல் ஐந்து கொடுத்தால்தான் 4.8. அவர் இரண்டுக்குப் பதில் ஒன்று கொடுத்திருந்தால்? ஒரே ஒரு 'ஒன்றை' ஈடுகட்ட 19 'ஐந்து' வேண்டும். அதாவது, இருபது பேரில் ஒருவர் சாதி பார்ப்பவராக இருந்து அதை நட்சத்திரத்தில் காட்டினாலே போதும், பட்டம் நூலிழையில் தொங்கும். தமிழ்நாட்டில் இருபது பேரில் எத்தனை பேர் சாதி பார்ப்பார்கள் என்ற கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறோம். இன்னொன்றும் கவனியுங்கள். நான்கு நட்சத்திரம் கொடுப்பவர் 'நன்றாக இருந்தது' என்று நினைத்துத்தான் கொடுக்கிறார். ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் அப்படி நினைத்துவிட்டால் சராசரி 4.8-க்குக் கீழே போய்விடும். நூற்றுக்கு எண்பது வாங்கினால் முதல் வகுப்பு என்று படித்த நமக்கு இது புரியவே கொஞ்ச நேரமாகிறது.

ரத்து விகிதமும் இப்படித்தான். ஆண்டுக்கு 15 புக்கிங் வரும் வீட்டில் ஒரே ஒரு ரத்து என்றால் அது ஏறக்குறைய 7 சதவீதம். பேரிடர், தவிர்க்க முடியாத காரணம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் தெருவில் சாவு விழுந்து, இரண்டு நாள் பறையடித்து, வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும் நிலையை எந்தக் கட்டத்தில் டிக் அடித்துப் புரியவைப்பது? நாற்பது ஃபிளாட்டை வைத்துக்கொண்டு ஆள் போட்டு நடத்துகிறவருக்கு ஒரு ரத்து என்பது கணக்கில் கரைந்துபோகும். மாடியில் இரண்டு அறை வைத்திருக்கும் அக்காவுக்குக் கரையாது. இந்த ஏணியின் படிகள் கால் நீளமானவர்களுக்கு அளவெடுத்துச் செய்தவை.

இப்போது படத்துக்கு வருவோம்.

அந்தப் படத்தில் இருப்பவரும் ஒருமுறை வாடகை அறை தேடி அலைந்தவர்தான். 1917. கொலம்பியாவில் படித்து, லண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வருகிறார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சிகளுக்கான ஒரு விடுதிக்குப் போகிறார். பார்சி அல்லாதவருக்கு அங்கே இடமில்லை. விடுதியைப் பார்த்துக்கொண்டவருக்கு வருமானம் வேண்டும். ஆகவே ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்குகிறார். மாடியில் ஒரு சின்ன அறை, நாளுக்கு ஒன்றரை ரூபாய். விளக்கு வெளிச்சம் போதாத, வௌவால் பறக்கும் கட்டிடம். வேறு ஆளே இல்லை. பதினோராவது நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பர், ஒரு கிறிஸ்தவ நண்பர், இருவரிடமும் கேட்டார். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் இன்றே படியுங்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பெயரை மறைத்தபோது அறை கிடைத்தது. பெயர் தெரிந்ததும் தடி வந்தது. நூறு ஆண்டு கழித்து, இதே விஷயத்தை அமெரிக்காவில் சோதனை வைத்தே நிரூபித்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் லூகா, டான் ஸ்விர்ஸ்கி ஆகியோர் ஏர்பிஎன்பியில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். கறுப்பினப் பெயராகத் தோன்றிய விண்ணப்பங்கள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவு. 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. எடல்மனும் லூகாவும் 2014-இல் செய்த முந்தைய ஆய்வு வீட்டுக்காரர்களைப் பற்றியது. நியூயார்க்கில் அதே மாதிரியான வீட்டுக்குக் கறுப்பினத்தவர் அல்லாத வீட்டுக்காரர்கள் வாங்கிய வாடகை, கறுப்பின வீட்டுக்காரர்கள் வாங்கியதைவிட ஏறக்குறைய 12 சதவீதம் அதிகமாக இருந்தது. சமூக வலைத்தளங்களில் கறுப்பினத்தவர் தங்கள் அனுபவங்களை எழுதிக் குவித்தார்கள். வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அசைந்தது. 2018 முதல், புக்கிங்கை ஏற்ற பிறகுதான் விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று மாற்றினார்கள். ஓரிகன் மாநிலத்தவருக்கு 2022-இல் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டுமே தெரியும்படி மாற்றினார்கள்.

முதலெழுத்து! இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம்மூரில் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்தே இனிஷியல்தான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து அறுத்தெறியத் தீர்மானம் போட்டவர்கள் நம் முன்னோர். ஆனால் வித்தியாசம் பாருங்கள். செங்கல்பட்டில் பட்டம் வைத்திருந்தவர்கள் பட்டத்தைக் கைவிட்டார்கள். ஓரிகனில் ஒடுக்கப்பட்டவரின் பெயரை மறைத்து வைக்கிறார்கள். இரண்டாவது ஒரு நிவாரணம் என்பதை மறுக்கவில்லை. இன்றைக்கு ராத்திரி தங்க இடம் வேண்டியவருக்கு அது உதவும். ஆனால் பரோடாவில் அம்பேத்கர் தானாகச் செய்துகொண்டதைத்தான் இப்போது செயலி செய்து கொடுக்கிறது.

மேலும் நம் ஊரில் பெயரை மறைத்தால் சாதி மறைவதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், மேப்பில் குத்தியிருக்கும் புள்ளி எந்தத் தெருவில் விழுகிறது என்பதே போதும். பெரும்பாலான செயலிகள் 'இருப்பிடம்' என்றொரு தலைப்பிலும் நட்சத்திரம் கேட்கின்றன. பேருந்து நிலையம் பக்கமா, கோயில் பக்கமா என்று கேட்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருப்பிடம் என்றால் இங்கே என்ன பொருள் என்று கும்மிடிப்பூண்டி வட்டம் தோக்கமூரில் கேட்டால் சொல்வார்கள். அங்கே இருந்த தீண்டாமைச் சுவர் 2022-இல்தான் இடிக்கப்பட்டது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். சொல் போகட்டும், நல்லதுதான். மேப்பில் அந்தப் புள்ளி அதே இடத்தில்தான் இருக்கும்.

பட்டம் கொடுத்தால் மரியாதை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் அதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கம் போய்வரலாம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் அமிர்தம். தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்தபிறகு ஆகஸ்ட் 20 அன்று ஏற்றினார். அரசியல் சட்டம் கொடுத்த பட்டத்துக்கே ஐந்து நாள் தாமதம்.

பட்டங்களைப் பற்றி நம் இயக்கங்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம் என்று இருந்தது. கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல் அது ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய மறியல், பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி. மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். அந்தப் பலகை என்ன சொல்லியது? "இங்கே சுத்தம், இங்கே ஆசாரம், இங்கே நம்பி உட்காரலாம்" என்றது. அந்தக் காலத்துச் சூப்பர் ஹோஸ்ட் பேட்ஜ் அது. எங்களுக்கும் ஒரு பலகை மாட்டிக்கொடு என்று பெரியார் கேட்கவில்லை. எடு என்றார்.

அப்படியானால் சூப்பர் ஹோஸ்ட் பேட்ஜும் அதுவும் ஒன்றா? இல்லை. ஒன்று என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் உண்மையாகாது. அந்தப் பலகை பிறப்பால் வந்தது. இது உழைப்பால் வருகிறது. அக்கா துவைத்த விரிப்புக்கும், தேய்த்த தரைக்கும், இரவு பதினொரு மணிக்கு வந்த குடும்பத்துக்கு வைத்துக்கொடுத்த வெந்நீருக்கும் 11 பேர் ஐந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த 11 பேரில் ஆதிக்க சாதியினரும் இருந்திருப்பார்கள். அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

இன்னொரு ஆய்வு நம் வாதத்துக்கு இடைஞ்சலாகவே இருக்கிறது. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ரூமெங் குய், ஜுன் லி, டென்னிஸ் ஜாங் ஆகியோர் ஏர்பிஎன்பியில் நடத்திய சோதனை 2020-இல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. விண்ணப்பிப்பவரின் பக்கத்தில் ஏற்கனவே ஒரே ஒரு நல்ல மதிப்புரை இருந்தால், கறுப்பினப் பெயருக்கும் வெள்ளையினப் பெயருக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. முன்முடிவோடு பார்ப்பவருக்குக்கூட கண்ணெதிரே ஓர் ஆதாரம் இருந்தால் மனம் கொஞ்சம் இளகுகிறது என்று இதற்குப் பொருள். அப்படியானால் நட்சத்திரம் நமக்கு எதிரி மட்டும் இல்லை. சிபாரிசு செய்ய மாமா இல்லாதவனுக்குச் சான்றிதழ் எப்படியோ அப்படி, சொந்த பந்தமும் சங்கமும் ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்த மதிப்புரைதான் சிபாரிசு. எங்களில் சிலர் இந்தக் காரணத்துக்காகவே "பட்டத்தைத் துரத்தி வாங்கு" என்று தோழருக்கு எழுதச் சொன்னார்கள்.

அந்த வாதத்தில் பாதிதான் ஏற்க முடிகிறது. ஒரு நல்ல மதிப்புரை வாங்க முதலில் ஒருவர் உள்ளே வர வேண்டும். மதிப்புரை எழுதும் பேனாவும் அவர் கையில்தான். கறுப்பினத்தவருக்கு நடந்ததை யார் வெளியே கொண்டுவந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் கூச்சல் போட்டார்கள், ஆய்வு செய்தார்கள், நீதிமன்றம் போனார்கள். அதன் விளைவாகத்தான் நிறுவனமே அமெரிக்காவில் இனவாரியாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. 2021-ஆம் ஆண்டுக்கான கணக்கை 2022 இறுதியில் வெளியிட்டது. வெள்ளையினத்தவரின் புக்கிங் முயற்சிகளில் 94.1 சதவீதம் வெற்றி, கறுப்பினத்தவருக்கு 91.4. இடைவெளி இருக்கிறது என்று நிறுவனமே எழுதிக்கொடுத்த சீட்டு அது. சாதி வாரியாக அப்படியொரு சீட்டை இந்தியாவில் தொழில் நடத்தும் ஒவ்வொரு தங்கும்விடுதிச் செயலியிடமும் நாம் கேட்க வேண்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பு அரசுக்கு மட்டும்தான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

வாடகைச் சந்தை சாதி பார்க்கிறது என்பதற்கு நம்மிடமே ஆதாரம் உண்டு. சுகதேவ் தோரட் தலைமையிலான குழு டெல்லியையும் சுற்றுப்புற நகரங்களையும் ஆய்ந்து 2015-இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் எழுதியது. தொலைபேசியில் வீடு கேட்ட தலித்துகளில் 18 சதவீதம் பேருக்கும் முஸ்லிம்களில் 31 சதவீதம் பேருக்கும் நேரடியாகவே இல்லை என்று சொல்லப்பட்டது. சென்னையில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று எழுதினால் போதும், மீதியை வாசிப்பவரே புரிந்துகொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 'ஹோட்டல்' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் போர்டிங் ஹவுஸும் லாட்ஜிங் ஹவுஸும் காபிக் கடையும் சேர்த்தி. தீண்டாமையின் பெயரால் அங்கே தடுத்தால் குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் சிறை. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பதும் அதே பிரிவில் குற்றம். அமெரிக்காவின் 1964 சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. உரிமையாளரே குடியிருந்து, ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத வீட்டுக்கு விலக்கு. நம் 1955 சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஊர் பேர் தெரியாதவருக்கு அறை தருகிறாய் என்றால் அது லாட்ஜிங் ஹவுஸ்தான், செயலி வழியாக வந்தாலும் சரி, ஆட்டோக்காரர் காட்டி வந்தாலும் சரி. 'என் வீடு, என் இஷ்டம்' என்ற பேச்சு அங்கே செல்லாது என்பது எங்கள் கருத்து. 2005-இல் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே சமூகத்தாருக்கான சங்கத்தை அனுமதித்தது உண்மைதான். அந்தத் தீர்ப்பு உறுப்பினர் சேர்க்கை பற்றியது, ஓரிரவு அறை பற்றியது அன்று. 2011-இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் 15(2)-இல் வரும் 'கடை' என்ற சொல்லை மிக விரிவாக வாசித்திருக்கிறது. வழக்கறிஞர்களாகும் தோழர்கள் இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் காப்பது வாசலில் தடுக்கப்படும் விருந்தினரை. இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்கிறவரை எந்தப் பிரிவிலும் பிடிக்க முடியாது. ரேட்டிங் என்பது கேள்வி கேட்க முடியாத தீண்டாமைக்கு ஒரு வசதியான துவாரம்.

யார் யாருக்கு நட்சத்திரம் போடலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நம் தோழர் கும்மிடிப்பூண்டியில் ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருக்கிறார். கழிவறைக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. அந்த வீட்டு உரிமையாளருக்கு ஒரு நட்சத்திரம் போட எந்தச் செயலியிலும் அவருக்கு இடமில்லை. 2021 டிசம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லியில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவு ஒவ்வாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஐபோன் செய்கிற பெண்கள். அவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துதான் தங்கள் மதிப்புரையை எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆலை மூடப்பட்டது, விடுதிகளின் நிலை உலகத்துக்குத் தெரிந்தது. சுற்றுலாப் பயணியின் தலையணை உறைக்கு இருக்கும் அளவுகோல் தொழிலாளியின் சோற்றுக்கு இல்லை.

தூய்மைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கும் கடற்கரை வீடுகளில் அந்தத் தூய்மையைச் செய்வது யார் என்றும் கேட்கலாம். பேட்ஜில் இருப்பது உரிமையாளரின் முகம். கழிவறை கழுவியவரின் பெயர் எந்த மதிப்புரையிலும் வருவதில்லை. 'ஸ்டாஃப் நல்லவர்கள்' என்று வந்தால் அதிகம்.

உரிமையாளராவதற்கே முதலில் ஒரு மாடி வேண்டும், மாடிக்கு முன்பு பட்டா வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்து பஞ்சமி நிலம் பிறந்தது. அது எங்கே போனது என்று கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, தோழருக்கு என்னதான் பதில்?

தொழிலாக நடத்துங்கள். பதில் சீக்கிரம் சொல்லுங்கள், விரிப்பு சுத்தமாக இருக்கட்டும், நல்ல மதிப்புரை எழுதச் சொல்லி விருந்தினரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். பட்டம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது வருகிற வழியில் இரண்டு புக்கிங் கூடும், அவ்வளவுதான் அதன் பெறுமானம். அந்த இரண்டு புக்கிங்குக்காக அக்காவின் தூக்கத்தையும், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையும், சுவரில் இருப்பதையும் விலையாகக் கொடுக்கத் தேவையில்லை. படத்தை எடுத்தால் அடுத்து அவர்கள் சமையலறையை மோந்து பார்ப்பார்கள். அதன்பிறகு தெருப் பெயரைக் கேட்பார்கள். கழற்றிக்கொண்டே போனால் கடைசியில் வீட்டுக்காரர் மட்டும் மிஞ்சுவார், அவரையும் 'எந்த ஆளுங்க' என்றுதான் கேட்பார்கள்.

எங்களில் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். செயலியில் போடும் முதல் புகைப்படத்திலேயே அம்பேத்கர் படம் தெரியட்டும். பிடிக்காதவர்கள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் தெரிந்தே வருவார்கள், இரண்டு நட்சத்திரம் விழாது. புக்கிங் குறையும், சராசரி ஏறும், ஒருவேளை பட்டமும் வரும். கேட்க ருசியாக இருந்தது. சாதி பார்க்கிறவனுக்கு நாமே வடிகட்டி செய்துகொடுப்பதா என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அவன் வரட்டும், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஷூ கழற்றட்டும், அக்கா கொடுக்கும் காபியைக் குடிக்கட்டும் என்பது அவர் கட்சி. இரண்டு மணி நேரம் பேசியும் எங்களுக்குள் முடிவாகவில்லை. இரண்டு யோசனையையும் அப்படியே தோழருக்கு அனுப்பிவைத்தோம். முடிவு அக்காவுடையது. துவைப்பது அவர்.

அக்கா இரண்டையும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "படத்தை எடுத்தா செவுத்துல அந்த எடம் மட்டும் வெளுப்பாத் தெரியும். அதுக்கு யாரு பெயிண்ட் அடிக்கிறது?" என்று கேட்டாராம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு அறையும் புக் ஆகிவிட்டது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், அறை கேட்டபோதோ கொடுத்தபோதோ சாதி கேட்கப்பட்டிருந்தால், அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள். செயலிக்குப் புகார் அனுப்பும்போது அதன் நகலோடு காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டோம்.